நீதிபதிக்கு முன்பே படிப்பவர்கள்

நீதிமன்றம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர்கள் யார்? கறுப்பு அங்கி அணிந்த நீதிபதி, கையை உயர்த்தி வாதாடும் வழக்கறிஞர், கூண்டில் தலைகுனிந்து நிற்கும் கைதி. திரைப்படங்கள் நமக்குக் காட்டியதும் இவர்களைத்தான். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில், பிறர் கண்ணில் படாமல் அமர்ந்து வழக்குக் கட்டுகளைப் படிக்கும் வழக்கறிஞர் குழு ஒன்று உண்டு. இவர்களை ‘ஸ்டாஃப் அட்டர்னி’ என்பர். நீதிமன்றப் பணி வழக்கறிஞர் என்று நாம் சொல்லலாம். இக்குழுவுக்குத் தலைமை ஏற்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதைச் சற்றே காண்போம்.

குழு பிறந்த கதை

அமெரிக்க மத்திய அரசின் விசாரணை நீதிமன்றத்தில் தோற்றவர், தீர்ப்பில் பிழை உண்டு என்று கருதினால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நாடுவார். 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியவை இந்நீதிமன்றங்கள். இன்று நாடு 12 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பொதுவாக மூன்று நீதிபதிகள் சேர்ந்து அமர்ந்து முடிவு செய்வார்கள். இங்கே புதிய சாட்சிகள் வருவதில்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவான ஏடுகளையும், இரு தரப்பு எழுத்து வாதங்களையும் கொண்டே தீர்ப்பு அமையும். ஆகவே படிப்பதுதான் இங்கே பெரும் பணி.

1960-இல் இந்நீதிமன்றங்களுக்கு வந்த மேல்முறையீடுகள் ஆண்டுக்கு 4,000-க்கும் குறைவு. நீதிபதிப் பதவிகள் 68. 2005-இல் வழக்குகள் 68,000-ஐத் தாண்டின. பதவிகளோ 167 மட்டுமே. அதன்பின் வழக்குகள் குறைந்தாலும், பழைய நாட்களின் எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. இப்பெருக்கைச் சமாளிக்கவே 1970-களில் பணி வழக்கறிஞர் குழுக்கள் பரவின. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கு முறையான இடம் அளித்தது. அச்சட்டப்படி தலைமை நீதிபதி, நீதிமன்றத்தின் ஒப்புதலோடு குழுத் தலைவரை நியமிக்கலாம். அத்தலைவர் தலைமை நீதிபதியின் ஒப்புதலோடு மற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நீதிபதிக்கும் தனி உதவியாளர்கள் உண்டு. பணி வழக்கறிஞர்களோ நீதிமன்றம் முழுமைக்கும் பொதுவானவர்கள்.

யாருடைய கட்டுகள்?

அண்மை ஆண்டுகளில் வந்த மேல்முறையீடுகளில் ஏறக்குறைய பாதி, வழக்கறிஞர் இல்லாதவர்கள் தாமே தொடுத்தவை. அவர்களில் பலர் சிறைக்கைதிகள். குற்ற வழக்கில் வசதியற்றவருக்கு வழக்கறிஞர் அமர்த்தித் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1963-இல் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் சிறையில் நேர்ந்த கொடுமைக்காக வழக்குத் தொடுப்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் தம் குறையைத் தாமே எழுதவேண்டும். மனுவில் சட்டச் சொற்கள் இடம் மாறிக் கிடக்கும்; பத்துக் குறைகள் ஒன்றாய்ப் பின்னிக்கிடக்கும். இத்தகைய மனுக்களை வழக்கறிஞர் எழுதியவற்றுக்குரிய கண்டிப்போடு அளக்கக் கூடாது என்று 1972-இல் ஹெயின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த நெறியைக் கடைப்பிடிக்கும் முதல் கைகளில் பணி வழக்கறிஞரின் கையும் ஒன்று.

ஒரு நாள் பிந்திய மனு

கட்டைக் கையில் எடுத்ததும் அவர் பார்ப்பது, மேல்முறையீடு உரிய கெடுவுக்குள் வந்ததா என்பதை. சாதாரண உரிமையியல் வழக்குக்கு 30 நாள் கெடு. டென்னசி மாநிலச் சிறையிலிருந்த ஒருவர், வழக்கறிஞர் துணையின்றி, 27-ஆம் நாளிலேயே தம் மேல்முறையீட்டு அறிவிப்பைச் சிறை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். நீதிமன்ற முத்திரை விழுந்ததோ 31-ஆம் நாள். ஒரே ஒரு நாள் பிந்திவிட்டது! ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. கைதி தாமாகத் தபால் நிலையம் செல்ல முடியுமா? தபால் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கத்தான் முடியுமா? 1988-இல் ஹூஸ்டன் எதிர் லாக் வழக்கில், சிறை அதிகாரியிடம் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். இன்று அது நீதிமன்ற விதிகளிலேயே இடம் பெற்றுள்ளது. எனவே முத்திரைத் தேதியை மட்டும் பார்த்துக் கட்டை மூடிவிடலாகாது. சிறையில் ஒப்படைத்த தேதியையும் தேட வேண்டும்.

தலைவரின் பணி

குழுத் தலைவர் முதலில் கட்டுகளைப் பகிர்ந்து கொடுக்கிறார். எளியது எது, சிக்கலானது எது என்று தரம் பிரிக்கவேண்டும். நாடு கடத்தப்பட இருப்பவர் தடை கேட்கும் மனு நாளை வரை காத்திராது. பல நீதிமன்றங்களில் சட்டப் படிப்பை முடித்த இளைஞர்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டுமே இப்பணிக்கு வருகிறார்கள். எனவே கற்றுக்கொடுக்கும் வேலை ஓய்வதே இல்லை.

உறுப்பினர் எழுதும் குறிப்பைத் தலைவர் திருத்துகிறார். இச்செய்தி பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் உள்ளது? கீழ் நீதிமன்றம் என்ன காரணம் சொன்னது? மேல்முறையீட்டாளர் சொல்ல வந்ததை அதன் வலிமை குறையாமல் எடுத்துச் சொன்னீர்களா? இக்கேள்விகளுக்கு விடை இல்லாத குறிப்பு திரும்பிப் போகும்.

இங்கே பெரும் பகை சலிப்பு. வழக்கறிஞர் இல்லாத மேல்முறையீடுகளில் பெரும்பாலானவை தோற்கின்றன. ஒரே வகை மனுக்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு, அடுத்ததும் அப்படியே இருக்கும் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். நியாயமான மனு ஒன்று அந்த அடுக்கில்தான் இருக்கக்கூடும். குழுவின் கண்கள் சோர்ந்து போகாமல் காப்பது தலைவரின் முதற்கடமை.

எல்லைக் கோடு

உதவியாளரே நீதிபதி ஆகிவிட மாட்டாரா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். சட்ட அறிஞர் பலரும் இதையே கேட்டு, இம்முறையைக் குறைகூறியிருக்கிறார்கள். இதற்குக் காப்பு உண்டு. சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்பதாம் வட்டாரத்தில், எளிய வழக்குகளைப் பணி வழக்கறிஞர் மூன்று நீதிபதிகள் முன் வாய்மொழியாக எடுத்துரைப்பார். இது எளிய வழக்கன்று என்று ஒரு நீதிபதி கருதினாலும் போதும். அது விரிவான பரிசீலனைக்கு வேறு அமர்வுக்குச் செல்லும். பரிந்துரை செய்வதோடு வழக்கறிஞரின் வேலை முடிகிறது, தீர்ப்பு நீதிபதிகளுடையது. இந்தக் கோட்டைத் தாண்டாமலும், நீதிமன்றத்தின் உட்செய்தி வெளியே கசியாமலும் பார்த்துக்கொள்வதும் தலைவரின் பொறுப்பே.

மாணவியரே! சட்டம் பயில விரும்பும் உங்களில் சிலர், மேடையில் கணீரென்று பேச வராதே என்று தயங்கலாம். பொறுமையாகப் படிக்கவும், படித்ததைத் தெளிவாக நான்கு வரியில் எழுதவும் தெரிந்தவருக்கும் அத்துறையில் இடம் உண்டு. அவர் பெயர் தீர்ப்பில் வராது. முகம் அறியாத ஒருவர் சிறையிலிருந்து எழுதிய கடிதம் கடைசி வரி வரை படிக்கப்பட்டிருக்கும்.