சராசரி மட்டும் போதுமா?

கடை லாபத்தைப் பங்குகளில் போடும்போது சராசரியை மட்டுமே பார்க்கிறோம். ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீத லாபத்தில் 3 ஆண்டில் ரூ.1,33,100 ஆகும். இன்னொன்றில் 40 லாபம், 20 நஷ்டம், 10 லாபம் என்றால் சராசரி அதே 10தான். கையில் நிற்பதோ ரூ.1,23,200. மீதி ரூ.9,900-ஐ ஏற்ற இறக்கம் தின்றுவிட்டது.

இதை அளக்க, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான 'ஆர்' என்னும் இலவசக் கணினி மொழி உதவும். ஆண்டு லாப நஷ்டங்களைக் கொடுத்தால் சராசரி, திட்டவிலக்கம், இறுதித் தொகை மூன்றையும் தரும் சார்பு ஒன்றைச் சில வரிகளில் நாமே எழுதிக்கொள்ளலாம். ஒருமுறை எழுதினால் எல்லா முதலீட்டுக்கும் அதுவே போதும். மேற்கண்டவற்றில் முதலாவதன் திட்டவிலக்கம் 0, இரண்டாவதற்கு 30. எடை பார்க்காமல் சரக்கு வாங்காத நாம், முதலீட்டையும் நிறுத்துப் பார்த்தே போடுவோமாக.