கிவிப்பழத் தோட்டத்தில் பருவகால வேலை: போகுமுன் அறிய வேண்டியவை

"நியூசிலாந்தில் பழம் ஆயும் வேலை இருக்கிறது. கமம் செய்து பழகியவர்களுக்குச் சுகமான வேலை. காசைக் கட்டினால் போகலாம்." இப்படி ஒருவர் வந்து சொன்னால், சொந்தக் காணியை விட்டு வந்து கூலிவேலைக்கு அலையும் குடும்பத்துக்கு ஆசை வருவது இயல்பு. வேலை உண்டு என்பது மெய்தான். ஆனால் அது எப்படிப்பட்ட வேலை, எத்தனை மாதம் கிடைக்கும், யாருக்குக் கிடைக்கும், எந்த இடத்தில் ஏமாற நேரிடும் என்பவற்றை அறிந்த பின்னரே அடுத்த அடியை வைக்க வேண்டும்.

பழமும் ஊரும்

கிவிப்பழத்தின் தாயகம் நியூசிலாந்து அல்ல, சீனா. 1904 இல் இசபெல் பிரேசர் என்ற பாடசாலை அதிபர் சீனாவுக்குச் சென்று திரும்பியபோது அதன் விதைகளைக் கொண்டுவந்தார். 'சீன நெல்லி' என்று அழைக்கப்பட்ட பழம், 1959 இல் ஏற்றுமதிக்காக அந்நாட்டுப் பறவையான கிவியின் பெயரைப் பெற்றது. இன்று அங்கு விளையும் பழத்தின் பெரும்பகுதி, வடதீவில் உள்ள பே ஒஃப் பிளென்டி பகுதியிலிருந்து வருகிறது. தே புக்கே, கற்றிகற்றி, டௌரங்கா, ஒப்பொற்றிக்கி என்பன அங்குள்ள முக்கிய ஊர்கள்.

எங்கள் ஊர் முந்திரிகையைப் போலக் கிவியும் பந்தலில் படரும் கொடிதான். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. நவம்பரில் பூக்கும் காலத்தில் மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து தோட்டத்தில் வைப்பார்கள்.

வேலை எப்போது?

மார்ச் முதல் யூன் வரை அறுவடை. பொதுவாக மஞ்சள் சதையுள்ள இனத்தை முந்தியும், பச்சை இனத்தைப் பிந்தியும் ஆய்வார்கள். இம்மாதங்களில்தான் ஆட்கள் பெருந்தொகையாகத் தேவை. யூன் முதல் ஓகஸ்ட் வரை குளிர்காலம். அப்போது பழைய கொடிகளை வெட்டி, புதிய கொடிகளைக் கம்பியில் வளைத்துக் கட்டுவார்கள். இதற்குக் கைப்பழக்கம் வேண்டும். பழகியவரை அடுத்த ஆண்டும் கூப்பிடுவார்கள். செப்டெம்பர் முதல் சனவரி வரை மொட்டுகளையும் பிஞ்சுகளையும் ஐதாக்கும் வேலை.

கமக்காரருக்குத் தெரிந்த உண்மை இங்கும் பொருந்தும்: விளைச்சல் பிழைத்தால் வேலையும் பிழைக்கும். 2010 நவம்பரில் பி.எஸ்.ஏ. என்ற பக்ரீரியா நோய் தே புக்கேயில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதிருந்த மஞ்சள் இனக் கொடிகள் பெருமளவில் அழிந்தன. தோட்டக்காரர் அவற்றை வெட்டி, நோயைத் தாங்கும் வேறு இனத்தை ஒட்டுவைத்தார்கள். 2023 இலும் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது.

பந்தலின் கீழ்

ஆய்பவர் மார்பின் முன்னே ஒரு பையை மாட்டிக்கொண்டு, கைகளை மேலே உயர்த்தி, காயைக் காம்பிலிருந்து கையால் கழற்றுவார். காய் அப்போது கல்லுப்போல இருக்கும். ஆனாலும் எளிதில் கன்றும். எனவே கையுறை அணிந்து, பை நிறைந்ததும் அதன் அடிப்பக்கத்தைத் திறந்து பெரிய பெட்டிக்குள் மெதுவாக இறக்க வேண்டும். எறிந்தால் பழம் பழுது. நாள் முழுவதும் கை மேலேயும் சுமை முன்னேயும் இருப்பதால் தோளும் முதுகும் நோகும். மழை பெய்தால், கொடி காயும்வரை வேலை நிற்கும். ஆகவே வாரத்தில் எத்தனை நாள் வேலை என்பது வானத்தைப் பொறுத்தது.

பொதியிடும் சாலையில்

'பாக்ஹவுஸ்' எனப்படும் பொதியிடும் சாலைகளில் மழை வேலையை அவ்வளவு தடுப்பதில்லை. அங்கு பழங்கள் ஓடும் பட்டியில் வரும். காயம்பட்டதையும் உருக்குலைந்ததையும் பொறுக்கி நீக்குவோர், நிறைப்படி பிரிந்து வருபவற்றைத் தட்டுகளில் அடுக்குவோர், பெட்டி மடிப்போர், அடுக்கிக் கட்டுவோர் எனப் பலருக்கு இடமுண்டு. பெண்களும் வயதில் மூத்தவர்களும் அதிகம் வேலை செய்வது இங்குதான். பகல் முறை, இரவு முறை என மாறிமாறி நடக்கும். மணிக்கணக்கில் நின்றபடி ஒரே வேலையைச் செய்ய வேண்டும். போர்க்லிப்ட் ஓட்டத் தெரிந்தவருக்குக் கூலி கூட.

கூலியும் கழிவும்

2025 ஏப்ரல் 1 இல் நியூசிலாந்தில் வளர்ந்தோருக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.50 நியூசிலாந்து டொலராக நிர்ணயிக்கப்பட்டது. பெட்டிக் கணக்கில் கூலி பேசினாலும், உழைத்த மணிக்குரிய குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். குறுகிய காலத் தொழிலாளருக்கு விடுமுறைப் பணமாக 8 வீதம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வரி இலக்கம் எடுக்காதவரிடம் மிகக் கூடிய வரி பிடிக்கப்படும்.

ஆனால் கையில் வருவது வேறு. தங்குமிடம், போக்குவரத்து, சாப்பாடு என்று கழிந்தபின் மிஞ்சுவதைத்தான் கணக்கிட வேண்டும்.

யார் போகிறார்கள்?

அந்நாட்டவர்களுடன், விடுமுறைக்கால வேலை விசாவில் வரும் வெளிநாட்டு இளைஞர்களும் இவ்வேலை செய்கிறார்கள். அந்த விசாவுக்கான நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. தே புக்கேயில் பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியக் கமக்காரக் குடும்பங்கள் பல உண்டு. கூலியாக வந்து, பின்னர் ஆட்களை வைத்து வேலை செய்விப்போராகவும் தோட்ட உரிமையாளராகவும் ஆனவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள்.

2007 இல் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டம் வனுவாட்டு, சமோவா, தொங்கா முதலிய பசிபிக் தீவு நாட்டவருக்கு முதலிடம் கொடுக்கிறது. பெரும்பாலோர் 7 மாதம் வரை தங்கி வேலை செய்து ஊர் திரும்புவார்கள். விமானச் செலவில் பாதியை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும். இந்த உழைப்பால் வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் உண்டு. எனினும் 2022 இல் அந்நாட்டு மனித உரிமைகள் ஆணைக்குழு இத்திட்டத்தை ஆராய்ந்து, நெருக்கடியான தங்குமிடம், அளவுக்கு மீறிய கழிவுகள் போன்ற குறைகளைச் சுட்டிக்காட்டியது. ஒரே எசமானிடம் கட்டுப்பட்டிருப்பவர் வாய் திறக்கப் பயப்படுவார் என்பதே அதன் அடிப்படை.

2025 இல் வேறு பருவகால விசா ஒழுங்குகளையும் அந்நாட்டு அரசு அறிவித்தது. எந்த வழியாயினும், முதலில் அங்கீகாரம் பெற்ற ஒருவர் வேலை தர முன்வர வேண்டும். விசா அதன் பின்னரே.

காசு கொடுக்குமுன்

1. வேலைக்காகத் தொழிலாளியிடம் காசு வாங்குவது நியூசிலாந்துச் சட்டப்படி வேலை கொடுப்பவருக்குத் தடை. "எசமானுக்குக் கொடுக்க வேண்டும்" என்று காசு கேட்டால் விலகிவிடுங்கள்.

2. "முதலில் சுற்றுலா விசாவில் போங்கள், பிறகு பார்க்கலாம்" என்பவரை நம்பவேண்டாம். அந்த விசாவில் தோட்ட வேலை செய்ய அனுமதி இல்லை. பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவீர்கள். கடன் மட்டும் மிஞ்சும்.

3. முகவரிடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே நேரில் கேளுங்கள். அவர் காட்டும் பிரதி போதாது.

4. தோட்டத்தின் பெயர், ஊர், வேலை மாதங்கள், கூலி, கழிவுகள் எல்லாம் எழுத்தில் வரட்டும். விளங்காத மொழியில் உள்ளதில் ஒப்பமிடாதீர்கள்; படித்த ஒருவரிடம் வாசிப்பித்துக் கேளுங்கள்.

5. கடவுச்சீட்டை எவரிடமும் வைக்கக் கொடுக்காதீர்கள்.

6. அங்கே நிரந்தர வதிவிடம் பெற்ற உறவினர் இருந்தால், அவர் இந்த வேலைகளைத் தடையின்றிச் செய்யலாம். பெப்ரவரியிலேயே பொதியிடும் சாலைகளில் விசாரிப்பது நல்லது. உங்களுக்குச் சொல்லப்பட்ட தோட்டம் உண்மையில் உள்ளதா என்று அவரைக் கொண்டே கேட்டறியலாம்.

காணி உறுதியை ஈடு வைத்துப் போகிறவர், 7 மாத உழைப்பில் அதை மீட்க முடியுமா என்று போகுமுன் தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். திரும்பிச் செல்லக் காத்திருக்கும் நிலத்தை, போகும் வழிச் செலவுக்காக இழந்துவிடக் கூடாது. அரிவு வெட்டப் போகும்போதுகூட யாருடைய வயல், எத்தனை நாள், என்ன கூலி என்று கேட்டுத்தான் போகிறோம். கடல் கடந்து போகும்போதும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் போகாதீர்கள்.