கிளவுட் 'ஃப்ரீ டிரையல்': கார்டில் எப்போது பணம் எடுப்பார்கள்?

ஃபைனல் இயர் புராஜெக்ட், புதுசா சேர்ந்த ஏஐ கோர்ஸ், சின்னதா ஒரு வெப்சைட்... எல்லாவற்றுக்கும் இப்போது கிளவுட் கணக்கு தேவைப்படுகிறது. 'இலவச கிரெடிட்' என்று அழைக்கும் நிறுவனங்கள், பதிவு செய்யும்போதே கார்டு விவரத்தையும் கேட்கின்றன. ஃப்ரீன்னா கார்டு எதுக்கு?

கிரெடிட் என்பது பணமா?

இல்லை. காலாவதி தேதி போட்ட கூப்பன். கூகுள் கிளவுட் 300 டாலர் தருகிறது. ஆயுள் 90 நாள். மைக்ரோசாஃப்டின் அஸூரில் 200 டாலர், 30 நாள். அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸில் 2025 ஜூலை 15 முதல் சேரும் புதியவர்களுக்கு 100 டாலர். அவர்கள் சொல்லும் சில செயல்களை முடித்தால் மேலும் 100 டாலர் வரை கிடைக்கும். அங்கே இலவசத் திட்டம் 6 மாதம் நீடிக்கும்.

தொகை, நாள் இரண்டில் எது முதலில் தீர்ந்தாலும் சலுகை அவ்வளவுதான்.

அப்போ பில் எப்போது வரும்?

பதிவின்போது கார்டு கேட்பது, நீங்கள் போலிக் கணக்கு இல்லை என்று உறுதிசெய்ய. டிரையல் நிலையிலேயே இருந்தால், கிரெடிட் தீர்ந்ததும் சேவைதான் நிற்கும், பில் வராது.

கதை மாறுவது 'அப்கிரேட்' பட்டனில். உதாரணமாக, கூகுள் டிரையலில் ஜிபியு சேர்க்க முடியாது. ஏஐ மாடலைப் பயிற்றுவிக்க அது வேண்டுமே என்று அப்கிரேட் செய்தால், மிச்சமுள்ள கிரெடிட் அப்படியே இருக்கும். ஆனால் அது தீர்ந்த மறுநிமிடத்திலிருந்து ஆகும் செலவு உங்கள் கார்டு கணக்கில் ஏறும். ஏடபிள்யூஎஸ்ஸில் பதிவு செய்யும்போதே 'ஃப்ரீ பிளான்', 'பெய்டு பிளான்' என்று இரண்டு வாய்ப்புகள் வரும். இரண்டிலும் கிரெடிட் உண்டு என்பதால், பலர் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

எங்கே ஏமாறுகிறோம்?

* 'ஸ்டாப் பண்ணிட்டேனே!' – மெஷினை நிறுத்தினாலும், அதோடு இணைந்த டிஸ்க்குக்கு மீட்டர் ஓடும். வேலை முடிந்தால் டெலீட் செய்யுங்கள்.
* 'பட்ஜெட் அலர்ட் வச்சிருக்கேன்' – அலர்ட் மெயில் அனுப்பும். தானாகச் செலவை நிறுத்தாது.
* 'கோடு முழுசையும் கிட்ஹப்ல போட்டுட்டேன்' – அதில் கணக்கின் ரகசிய 'கீ' இருந்தால், யாரோ உங்கள் செலவில் கிரிப்டோ மைனிங் செய்யலாம்.

கார்டு இல்லாமல் முடியுமா?

மாணவர்களுக்கு வழி இருக்கிறது. 'அஸூர் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்' திட்டத்தில் கல்லூரி மெயில் ஐடி மூலம் பதிவு செய்தால், கார்டு இல்லாமலே 12 மாதங்களுக்கு 100 டாலர் கிரெடிட் கிடைக்கும்.

ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிறீர்களா? 'பில்லிங்' பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கணக்கு டிரையலா, பெய்டா? கிரெடிட் எவ்வளவு மிச்சம்? முடியும் தேதி எது? அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே மொபைலில் ரிமைண்டர் வைத்துவிடுங்கள்.