அழைக்காமல் வரும் விளம்பரங்கள்

2020 மார்ச் மாதத்தில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது கையடக்கத் தொலைபேசியே பிள்ளைகளின் வகுப்பறையானது. சப்ரகமுவவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் அவற்றை அண்டிய சிறு நகரங்களிலும் அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. கடந்தகால வினாத்தாள், ஆசிரியர் அனுப்பும் குறிப்பு, ஒப்படைக்கான படம் என எல்லாமே அந்தச் சிறு திரையின் ஊடாகத்தான் வருகின்றன. பல வீடுகளில் ஒரே தொலைபேசிதான் இருக்கிறது. உம்மா, வாப்பா, பிள்ளைகள் என அனைவரது கைக்கும் அது மாறி மாறிப் போகும்.

அத்தகைய தொலைபேசியின் திரையில் ஒரு நாள் அநாகரிகமான விளம்பரம் ஒன்று எழும்பினால் என்ன நடக்கும்? பிள்ளை கூடாத தளம் எதற்கோ போயிருக்கிறாள் என்ற சந்தேகமே முதலில் எழும். தொலைபேசி அலுமாரிக்குள் போகும். படிப்பும் அதனுடன் சேர்ந்து பூட்டப்படும். ஆனால் அந்த விளம்பரம் பிள்ளை எதைப் பார்த்தாள் என்பதற்கான சாட்சி அல்ல. வினாத்தாள் தேடும்போது அழுத்திய ஒரு பொத்தானும் அதற்குக் காரணமாகலாம். பெற்றோரும் மாணவிகளும் இதை விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

எல்லா விளம்பரமும் தீங்கானதல்ல. ஓர் இணையத்தளத்தின் ஓரத்தில் தோன்றி, அந்தப் பக்கத்தை மூடியதும் மறைவது சாதாரண விளம்பரம். நமக்குத் தெரியாமல் கருவியில் குடியேறி, விளம்பரம் காட்டியே பணம் உழைக்கும் மென்பொருளைத்தான் விளம்பரப் பொருள், அதாவது அட்வெயார், என்கிறோம். அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. உலாவியைத் திறக்காத வேளையிலும் விளம்பரம் வரும். முகப்புப் பக்கம் தானாக மாறியிருக்கும். கூகுளில் தேடினால் அறிமுகமில்லாத வேறொரு தேடல் பக்கம் திறக்கும். காலையில் போட்ட டேட்டா மாலைக்கு முன்பே தீர்ந்துவிடும்.

பெரிய பெயர்களும் இதற்கு விலக்கல்ல. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிகணினிகளில் சூப்பர்பிஷ் என்ற விளம்பரப் பொருள் தொழிற்சாலையிலேயே நிறுவப்பட்டிருந்தது. மறுவருடம் அது அம்பலமானதும் அதை நீக்கும் வழியை அந்நிறுவனமே வெளியிட வேண்டியதாயிற்று. குறிப்புகளைப் படம்பிடித்துப் பீடிஎப் ஆக்க மாணவர்கள் பெரிதும் பயன்படுத்தும் காம்ஸ்கேனர் செயலியின் ஒரு பதிப்பில், 2019 ஓகஸ்டில் தீங்கான விளம்பரப் பகுதியொன்று கண்டுபிடிக்கப்பட்டது. கூகுள் அதைத் தன் செயலிக் கடையிலிருந்து அகற்றியது. திருத்தப்பட்ட பின்னரே அது மீண்டும் வந்தது. 2022இல் கூகுள் நீக்கிய செயலிகளுள் தொழுகை நேரம் காட்டும் செயலிகளும் இருந்தன. பயனாளரின் தகவல்களை இரகசியமாகத் திரட்டும் பகுதியொன்று அவற்றினுள் இருந்ததே காரணம். நல்ல நோக்கத்துக்கான செயலி என்பதால் மட்டும் அதை நம்பிவிட முடியாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

விளம்பரப் பொருள் பொதுவாக மூன்று வாசல்களால் நுழைகிறது. எந்த வாசல் என்று கண்டுகொண்டால் நீக்குவது எளிது.

முதலாவது, அறிவித்தல் அனுமதி. "நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிப்படுத்த 'அலவ்' என்பதை அழுத்துங்கள்" என்று சில பக்கங்கள் கேட்கும். அழுத்தியதும், அந்தத் தளம் நினைத்த நேரமெல்லாம் அறிவித்தல் அனுப்பும் உரிமையைப் பெற்றுவிடும். குரோம் உலாவியின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நொட்டிபிகேஷன்ஸ் என்ற வரிசையில் சென்றால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். அறியாத பெயர்கள் எல்லாவற்றையும் தடுத்துவிடுங்கள். பல வேளைகளில் தொல்லை இத்துடனேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, செயலிகள். உலாவி மூடியிருக்கும்போதும் திரை முழுவதும் விளம்பரம் வந்தால், அண்மையில் நிறுவிய செயலிகளைச் சந்தேகியுங்கள். சில செயலிகள் தம் சின்னத்தை மறைத்துக்கொள்ளும் என்பதால், தொலைபேசியின் செட்டிங்ஸில் உள்ள செயலிப் பட்டியலைப் பார்த்தே நீக்க வேண்டும். நீக்கும் பொத்தான் வேலை செய்யாவிட்டால், அந்தச் செயலி நிர்வாகி உரிமை பெற்றிருக்கக்கூடும். பாதுகாப்புப் பகுதியில் அந்த உரிமையை எடுத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். பின்னர் பிளே ஸ்டோரில் உள்ள பிளே புரொடெக்ட் மூலம் ஒருமுறை பரிசோதியுங்கள்.

மூன்றாவது, கணினி உலாவியின் நீட்சிகள். இலவச மென்பொருள் ஒன்றை நிறுவும்போது வாசிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போனால் இவை கூடவே வந்துவிடும். முதலில் விண்டோஸின் மென்பொருள் பட்டியலைத் திகதி வரிசைப்படி பார்த்து, அறியாததை நீக்குங்கள். அடுத்து, உலாவியின் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் தேவையற்ற நீட்சிகளை அகற்றுங்கள். கடைசியாக, உலாவியின் அமைப்புகளைப் பழைய நிலைக்கு மீட்டுங்கள். இதனால் சேமித்த பக்கக் குறிகளோ கடவுச்சொற்களோ அழியமாட்டா. இந்த ஒழுங்கு முக்கியமானது. மென்பொருளை விட்டுவிட்டு உலாவியை மட்டும் சரிசெய்தால், அது மறுபடியும் உலாவியை மாற்றிவிடும்.

"உங்கள் தொலைபேசியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்குங்கள்" என்று மிரட்டும் பக்கத்தை ஒருபோதும் நம்பவேண்டாம். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் தொலைபேசியை வைரஸுக்காகச் சோதிக்க முடியாது. நோயை விற்பவனே மருந்தையும் விற்கும் வியாபாரம் அது. எதையும் தொடாமல் பக்கத்தை மூடிவிடுங்கள்.

வருமுன் காப்பதே மேலானது. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்தும், பாடங்களை ஈ-தக்சலாவ தளத்திலிருந்தும் இலவசமாகப் பெறலாம். வேறு தளங்களில் பெரிய வர்ணப் பொத்தான்கள் பல மின்னினால், அவற்றுட் பல விளம்பரங்களே. வினாத்தாள் கேட்டதற்கு ஏ.பி.கே. கோப்பு இறங்கினால் திறக்காமல் அழித்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் வரும் "இலவச டேட்டா" இணைப்புகளைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். கடவுச்சொல்லோ வங்கி விபரமோ பறிபோனதாகச் சந்தேகித்தால் வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கும் அறிவியுங்கள். இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் 101 என்ற இலக்கத்திலும் உதவி கோரலாம்.

ஸலாம் கூறி அனுமதி பெறாமல் பிறர் வீட்டினுள் நுழையலாகாது என்பது ஸூரா அந்நூர் கற்றுத்தரும் ஒழுக்கம். அவ்வாறு அனுமதி கேட்டு நிற்பவர் யார் என்று பார்த்தே நாம் கதவைத் திறக்கிறோம். திரையில் 'அலவ்' என்ற சொல் தோன்றும்போதும் அதே நிதானம் வேண்டும். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: திரையில் தகாத ஒன்று வந்தால் மகளைக் கண்டிக்கும் முன்னர் அவளருகில் அமர்ந்து, மேற்சொன்ன மூன்று வாசல்களையும் சோதித்துப் பாருங்கள். மாணவிகளே, அப்படியொன்று வந்தால் பயந்து மறைக்காமல் உடனே வீட்டில் சொல்லுங்கள். மறைக்கப்படும் வரைதான் அதற்கு உங்கள் தொலைபேசியில் இடமுண்டு.