உலக மொழிகளின் இலக்கணத்தில் பொது நெறிகள்

ஹைதராபாத் நகரின் தென்கிழக்கே, பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்கள் அமைந்துள்ள காஞ்சன்பாக் பகுதியில் தெலுங்கும் தக்கினி உருதுவும் அருகருகே வழங்குகின்றன. முன்னது திராவிடக் குடும்பத்தைச் சார்ந்தது. பின்னது இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது. எனினும், இவற்றின் வாக்கிய அமைப்பு பெரிதும் ஒத்திருக்கிறது. இவ்வொற்றுமைக்குக் காரணம் யாது?

ஜோசப் கிரீன்பெர்க் என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர், 1963ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில், கன்னடமும் ஹிந்தியும் உட்பட 30 மொழிகளை ஒப்பிட்டு 45 பொது நெறிகளை வகுத்தார். வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் மொழிகளில், இடம் முதலியவற்றைக் குறிக்கும் உருபு பெரும்பாலும் பெயருக்குப் பின் வரும் என்பது அவற்றுள் ஒன்றாகும். தமிழில் 'ஊரில்' என்பதும், தெலுங்கில் 'ஊரிலோ' என்பதும், உருதுவில் 'ஷஹர் மே' என்பதும் இந்நெறியைச் சார்ந்தவையே. வினை முதலில் நிற்கும் வெல்ஷ், மாவோரி போன்ற மொழிகளில் அவ்வுருபு பெயருக்கு முன் வருகிறது.

இந்நெறிக்கு விலக்கும் உண்டு. ஹைதராபாத் அரசில் 19ஆம் நூற்றாண்டிலும் ஆட்சிமொழியாக விளங்கிய பாரசீகத்தில் வினை இறுதியில் நிற்கிறது. ஆயினும் 'நகரில்' என்பதை 'தர் ஷஹர்' என உருபை முன்வைத்தே கூறுவர். ஆகவே இந்நெறி ஒரு வலுவான போக்கேயன்றி மாறாத விதியன்று. விலக்கற்ற பொது நெறிகள் மிகச் சிலவே என்று நிக்கோலஸ் எவன்ஸ், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 2009இல் வாதிட்டனர்.

ஒற்றுமைகள் யாவும் பொது நெறியால் விளைந்தவை எனக் கொள்வதும் பொருந்தாது. பிறர் கூற்றை எடுத்துரைக்கும்போது வட இந்திய உருதுவில் 'கி' என்னும் சொல் அக்கூற்றுக்கு முன் வரும். தக்கினியிலோ 'போல்கே' என்பது கூற்றுக்குப் பின் வரும். இது தமிழின் 'என்று', தெலுங்கின் 'அனி' ஆகியவற்றை ஒத்தது. நெடுங்காலம் திராவிட மொழிகளோடு பழகியதன் பயன். இவ்வாறு குடும்ப எல்லையைக் கடந்து பரவும் இலக்கணக் கூறுகளை எமனோ 1956இல் விளக்கி, இந்தியாவை ஒரு மொழியியல் வட்டாரம் என்றார். எனவே ஓர் ஒற்றுமையைக் கண்டவிடத்து, அது பொதுப் பிறப்பால் வந்ததா, கலப்பால் வந்ததா, மனித மொழியின் பொதுப் போக்கால் வந்ததா என்று தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

இவ்வறிவு வகுப்பறைக்கும் பயன்படும். ஆங்கிலம் கற்கும் தமிழ் அல்லது தெலுங்கு மாணவன், வினையின் இடத்தையும் உருபின் இடத்தையும் ஒருங்கே மாற்ற வேண்டியவனாகிறான்; இரண்டையும் சேர்த்துக் கற்பித்தல் நலம். 'போல்கே' எனப் பேசும் குழந்தையைச் சிந்தனைத் தெளிவற்றது என எண்ணலாகாது. அது ஒழுங்கான வேறோர் இலக்கணத்தைப் பின்பற்றுகிறது. ஏட்டு உருதுவின் அமைப்பை அதனோடு ஒப்பிட்டுக் கற்பித்தல் தகும்.

களப்பணியாளர்கள் தனிச்சொற்களை மட்டும் திரட்டாமல் முழு வாக்கியங்களையும் குறித்தல் வேண்டும். பேசுவோர் அறிந்த பிற மொழிகளையும் உடன் பதிவு செய்யாவிடில், கலப்பால் வந்ததைப் பொது நெறியெனத் தவறாகக் கொள்ள நேரிடும்.