நோயாளிக்கு மார்க் போடும் கணக்கு

காசநோய் மாத்திரை அட்டையை ஒரு தடித்த காகித உறைக்குள் வைத்து ஒட்டிக் கொடுப்பார்கள். மாத்திரையை அழுத்தித் தள்ளினால் உறையின் பின்பக்கம் கிழியும். அதுவரை மறைந்திருந்த ஒரு தொலைபேசி எண் வெளியே தெரியும். அந்த எண்ணுக்குக் கைபேசியிலிருந்து ஒரு அழைப்பு. காசு செலவில்லை, யாரிடமும் பேச வேண்டியதில்லை. நோயாளியின் வேலை அதோடு முடிந்தது. நாளைக்கு எந்த எண் வரும் என்று அட்டையைக் கிழிக்காமல் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சரியான எண்ணுக்கு அழைப்பு வந்தால், அன்றைய மாத்திரை அட்டையை விட்டு வெளியே வந்துவிட்டது என்று கணினி குறித்துக்கொள்ளும். வயிற்றுக்குள் போனதா என்பது அதற்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் பெயர் 99டாட்ஸ். பெங்களூரில் உள்ள மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் உருவாகி, கடந்த பத்தாண்டுகளில் இந்தியாவின் காசநோய்த் திட்டத்துக்குள் வந்தது. மருத்துவப் பணியாளரின் திரையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாட்காட்டி விரியும். அழைத்த நாள் பச்சை, அழைக்காத நாள் சிவப்பு. மாத முடிவில் ஒரு சதவீதம். அந்தச் சதவீதத்தை வைத்து, யார்மீது அதிகக் கவனம் தேவை, யாரைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம் என்று வரிசை போடலாம். கொஞ்சம் யோசித்தால், நோயாளிக்கு மார்க் போட்டு ரேங்க் கொடுக்கும் இயந்திரம்தான் இது.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது? சாதாரணக் காசநோய்க்கு மருந்து ஆறு மாதம், தினமும், எடைக்கு ஏற்பப் பல மாத்திரை. இருமல், காய்ச்சல் எல்லாம் முதல் சில வாரங்களிலேயே அடங்கிவிடும். உடம்பு தேறிய பிறகும் நான்கைந்து மாதம் மாத்திரை விழுங்குவதுதான் கஷ்டம். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் இந்தக் கஷ்டத்துக்குத் தனி முகம் உண்டு. ஹார்பரில் நைட் ஷிப்டு, கண்டெய்னர் லாரியில் இரண்டு நாள் லைன், ஒப்பந்தக் கூலி: லீவு போட்டால் சம்பளம் இல்லை. இருமலுக்கே முதலில் வேறு காரணம் சொல்லிக்கொள்வார்கள். மணலிப் புகை, அனல் மின்நிலையச் சாம்பல், லாரித் தூசு என்று இருமலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டாத ஊர். அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதி இங்கே மற்ற இடங்களைவிட எளிதில் தள்ளிப்போகும். கடைசியில் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று பழையவர்கள் சொல்லும் ஸ்டான்லிக்குப் போகும்போது பாதி உடம்பு கரைந்திருக்கும்.

மாத்திரை போட்டாரா இல்லையா என்று வேவு பார்க்கும் கலை சென்னைக்குப் புதிதல்ல. உலகத்துக்கே அதை முறையாகக் கற்றுக்கொடுத்ததில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று நான்கு கை சேர்ந்த முயற்சி அது. இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையில் அங்கே நடந்த ஆய்வில், நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி வீட்டில். மருந்து இருவருக்கும் ஒன்றே. 1959இல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட சானடோரியக்காரர்கள் அளவுக்குத் தேறியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மலைக்காற்றும் கோழி சூப்பும்தான் காசத்துக்கு மருந்து என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

அந்த ஆய்வு நிற்பது ஒரு கேள்வியின் மேல்: வீட்டில் இருப்பவர் மருந்தை உண்மையிலேயே சாப்பிட்டாரா? அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். அன்றைய மருந்துகளில் ஒன்றான பாஸ் உடம்புக்குள் போயிருந்தால், சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டதும் நிறம் மாறும். வாயால் சொல்வதும் சிறுநீர் சொல்வதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்று ஃபாக்ஸ் அப்போதே எழுதினார். பணியாளர் கண் முன்னால் மாத்திரை விழுங்க வைக்கும் முறை பின்னால் உலகம் முழுக்கப் பரவியதற்குச் சென்னையில் நடந்த அடுத்தடுத்த ஆய்வுகள் முக்கியக் காரணம்.

அறுபது ஆண்டு கழித்து அதே நிறுவனம் 99டாட்ஸையும் அதே சோதனைக்கு உட்படுத்தியது. சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் வீட்டுக்கு முன்னறிவிப்பின்றிப் போய், சிறுநீரில் ஐசோநியாசிட் மருந்து இருக்கிறதா என்று பார்த்து, கைபேசிப் பதிவோடு ஒப்பிட்டார்கள். 2020இல் வெளியான முடிவு இயந்திரத்துக்குச் சாதகமாக இல்லை. மருந்து உடம்பில் இருந்தும் பதிவில் சிவப்பு வாங்கியவர்கள் கணிசம். பதிவில் பச்சையாக இருந்து, சிறுநீரில் மருந்தே இல்லாதவர்களும் இருந்தார்கள். அதே நிறுவனத்தார் நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசியபோது காரணங்கள் வந்தன. வீட்டுக்கு ஒரே போன், சிக்னல் இல்லை, எண்ணைப் படித்து அழுத்தத் தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தால் டிபி என்று தெரிந்துவிடும் என்ற பயம்.

காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். கடலுக்குப் போனால் பல நாள் தங்கல். மாத்திரையைத் தவறாமல் போடுகிறார், ஆனால் நடுக்கடலில் டவர் இல்லை. பதிவில் அத்தனை நாளும் சிவப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருக்கிறார்; எல்லாம் பச்சை. கணினியைக் கேட்டால், இந்த மனிதர் தடைக்காலத்தில் மட்டும் ஒழுங்கானவர் என்று சொல்லும். அது அளந்தது டவரை.

மார்க் என்பதே இப்படித்தான். நமக்கு வேண்டியது ஒன்று, எண்ண முடிவது இன்னொன்று. எண்ண முடிவதை எண்ணிவிட்டு, வேண்டியதை அளந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இணையத்தில் நோயாளிகள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் குழுக்களிலும் இதே கதைதான், இன்னும் வண்ணமயமாக. சர்க்கரை நோய்க்காரர்கள், புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள், குடியை விட்டவர்கள் என்று உலகம் முழுக்க இப்படிக் குழுக்கள் உண்டு. பலவற்றில் உறுப்பினருக்குப் புள்ளி, பதக்கம், 'மூத்த உறுப்பினர்' பட்டம் எல்லாம் கிடைக்கும். இந்த வழக்கம் வந்தது மருத்துவத்திலிருந்து அல்ல. விற்பவருக்கு வாங்குபவர் மார்க் போடும் ஈபேயிலிருந்தும், நிரலாளர்கள் பதிலுக்குப் புள்ளி வாங்கும், 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்தும் வந்தது. அங்கே அது வேலை செய்தது. நிரல் ஓடினால் பதில் சரி, ஓடாவிட்டால் தப்பு. ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உடம்பு அப்படி ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லாது.

புள்ளிக் கணக்கிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவரின் பதில்களுக்கு ஐந்து பேர் ஓட்டுப் போட்டு ஐந்தும் 'உதவியாக இருந்தது' என்றால் 100 சதவீதம். இன்னொருவருக்கு நூறு ஓட்டில் 90. வெறும் சதவீதத்தில் முதலாமவர்தான் மேலே. ஆனால் ஐந்து ஓட்டு யார் போட்டது? தம்பியும் மச்சானும் போட்டிருக்கலாம். இதைச் சரிசெய்ய எட்வின் வில்சன் என்ற கணிதவியலாளர் 1927இல் கொடுத்த வாய்பாட்டைப் பல தளங்கள் எடுத்துக்கொண்டன. கிடைத்த ஓட்டை வைத்து, உண்மையான ஆதரவு குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்று எச்சரிக்கையாக மதிப்பிடும் வாய்பாடு அது. 95 சதவீத நம்பகத்தோடு போட்டுப் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து வாங்கியவர் 57க்கு இறங்குவார். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர் 83இல் நிற்பார். ஆள் குறைந்த இடத்தில் ஆரவாரத்தை நம்பாதே என்பதை ஒரு சமன்பாடாக எழுதியதுபோல இருக்கும். எனக்குப் பிடித்த கணக்கு.

ஆனால் எந்தச் சமன்பாட்டாலும் சரிசெய்ய முடியாத ஓட்டை ஒன்று உண்டு. ஓட்டுப் போட வருபவர்கள் யார்? மருந்து ஒத்துக்கொண்டவர்கள், அல்லது ஒத்துக்கொண்டதாக நம்புபவர்கள். நன்றாகக் குணமானவர் வேலைக்குப் போய்விடுவார், குழுப் பக்கம் திரும்ப மாட்டார். இறந்தவர் ஓட்டுப் போடுவதில்லை. 'மூன்றே நாளில் இருமல் போச்சு' என்ற பதிவுக்கு விழும் ஆதரவு, 'ஆறு மாதமும் விடாமல் சாப்பிடுங்கள்' என்ற பதிவுக்கு விழாது. பதக்கத்துக்காக உழைப்பதும் நடக்கும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், பதக்கம் நெருங்க நெருங்க உறுப்பினர்களின் வேகம் கூடுவதும், கையில் கிடைத்ததும் குறைவதும் தெளிவாகத் தெரிந்தது. நிரல் எழுதும் இடத்தில் அது வேடிக்கை. புற்றுநோய்க்காரர் ஒருவர் நடுராத்திரி கேட்கும் கேள்விக்கு, புள்ளிக்காக ஒருவர் பதில் எழுதுகிறார் என்றால் வேடிக்கை இல்லை.

இதில் வேறு வழியில் போன ஒரு குழு அமெரிக்காவின் பேஷண்ட்ஸ்லைக்மீ. தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோய் தங்கள் சகோதரர் ஸ்டீபனைத் தாக்கியதைப் பார்த்த ஹேவுட் குடும்பத்துச் சகோதரர்கள், நண்பர் ஒருவரோடு சேர்ந்து 2004இல் தொடங்கியது. அங்கே நட்சத்திரம் கொடுத்தது புகழுக்கு அல்ல. தன் நோய்க்குறி, மருந்து, அளவு எல்லாவற்றையும் ஒருவர் எவ்வளவு முழுமையாகவும் ஒழுங்காகவும் பதிகிறார் என்பதற்கு. 2008இல் லித்தியம் இந்த நோயை மெதுவாக்கும் என்று இத்தாலியில் நடந்த சிறிய ஆய்வு ஒன்று சொன்னதும், உறுப்பினர்கள் பலர் தாங்களாகவே மருத்துவரிடம் கேட்டு லித்தியம் சாப்பிடத் தொடங்கினார்கள். அப்படிச் சாப்பிட்ட 149 பேரின் பதிவுகளை, நோய் அதே வேகத்தில் முற்றிவந்த, லித்தியம் தொடாத உறுப்பினர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2011இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியிட்டார்கள். லித்தியத்தால் பலன் இல்லை. முழுமையான பதிவுகள் இல்லாவிட்டால் இந்த ஒப்பீடே நடந்திருக்காது. ஆசையோடு தொடங்கிய சோதனையில் தங்களுக்குப் பாதகமான விடையை நோயாளிகளே எழுதிவைத்தது பெரிய காரியம்.

மறுபடி சென்னைப் பக்கம் வந்து, எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டம். அங்கும் தமிழ்நாட்டின் மற்ற பல மாவட்டங்களிலும் 2022 முதல் இன்னொரு வகை மார்க் நடைமுறையில் இருக்கிறது. பெயர், காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து வடிவமைத்தது. நோய் உறுதியான அன்றே செவிலியரோ பணியாளரோ சிலவற்றைப் பார்ப்பார்: உயரமும் எடையும், காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. டாக்டர் தேவையில்லை, எடை பார்க்கும் மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும். உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழே, அதாவது 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஏறத்தாழ 38 கிலோ என்றால் ஆபத்துப் பட்டியல். மூச்சு 24க்கு மேல் என்றாலும், ஆக்சிஜன் 94க்குக் கீழ் என்றாலும், நிற்க முடியவில்லை என்றாலும் அப்படியே. பட்டியலில் வந்தவர் உடனே விரிவான பரிசோதனைக்குப் போவார், தேவையானால் படுக்கையில் சேர்க்கப்படுவார்.

2025இல் இந்தத் திட்டத்தின் செயலியில் இன்னொரு கணக்கையும் சேர்த்தார்கள். அதே அளவுகளை வைத்து, இந்த நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். தீவிரம் இல்லாதவர்களுக்கு 1 முதல் 4 வரை, தீவிரமானவர்களுக்கு 10 முதல் 50 வரை. கேட்கவே அச்சமான மார்க். ஆனால் இதை நோயாளியின் நெற்றியில் ஒட்டுவதில்லை, சுவரில் எழுதுவதில்லை. இருக்கும் கட்டிலை யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஊழியர் முடிவெடுக்க மட்டுமே அது.

ரேங்க் கார்டில் முதலிடம் பெற்றவருக்குப் பரிசு. இங்கே முதலிடம் பெற்றவருக்குக் கட்டில். கணக்கு சரியா தப்பா என்பதும் தானே தெரிந்துவிடும்: யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்று அடுத்த மாதமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இணையக் குழுக்களுக்கு இதைப் பொருத்துவது சிரமமே இல்லை. மேலே நிற்க வேண்டியவர் அதிகப் புள்ளி வாங்கியவர் அல்ல. கேள்வி கேட்டு ஒரு நாளாகியும் பதில் கிடைக்காதவர், நேற்று நோய் உறுதியாகி இன்று சேர்ந்தவர், வாரம் தவறாமல் எழுதிவந்து திடீரென்று நின்றுபோனவர். இந்த மூன்றையும் கணினி எளிதாக எண்ணிவிடும். பதில் சொல்பவருக்குப் பட்டம் வேண்டுமென்றால் அதற்கும் சென்னையில் ஒரு மாதிரி இருக்கிறது. காசநோய்க்காக இங்கே 1999 முதல் இயங்கும் ரீச் என்ற தொண்டு நிறுவனம், குணமானவர்களுக்குப் பயிற்சி கொடுத்து 'டிபி சாம்பியன்' ஆக்குகிறது. புதிதாக நோய் கண்டவர்களிடம் பேசுவதும், பாதியில் மாத்திரையை விட்டவரைத் தேடிப் போவதும் அவர்கள் வேலை. அவர்களுக்குப் புள்ளிப் பட்டியல் கிடையாது. ஆறு மாத மாத்திரையை முடித்தவர் என்பதே நுழைவுச் சீட்டு.