ஏனெனில் என்ற ஒற்றைச் சாவி

கோட்பாட்டுக் கட்டுரைகளை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது பிகாஸ், சின்ஸ், ஆஸ், ஃபார் என்ற நான்கு பூட்டையும் 'ஏனெனில்' என்ற ஒரே சாவியால் திறந்துவிடுகிறோம். நாலும் காரணம் சொல்பவைதானே என்பது நம் சமாதானம். நான் அப்படி நினைக்கவில்லை.

'ஏன்?' என்ற கேள்விக்கு பிகாஸ் போட்டுத்தான் பதில் சொல்ல முடியும், சின்ஸ் பதிலாகாது. 'மழையால் அல்ல, பயத்தால் நின்றான்' என்று காரணத்தை மறுத்து இன்னொன்றை வைக்கவும் பிகாஸ் இடம் கொடுக்கும், சின்ஸ் கொடுக்காது. பிகாஸ் காரணத்தைப் புதுச் செய்தியாக நம் முன் வைக்கிறது. சின்ஸோ அதை இருவரும் முன்பே ஒப்புக்கொண்டதாகப் பாவித்து மேலே போய்விடுகிறது.

வில்லங்கம் இங்கேதான். 'அர்த்தம் நிலையற்றது' என்பதை ஒருவர் சின்ஸ் போட்டு எழுதினால் அவர் அதை நிறுவவில்லை. நம் சம்மதத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார். நாம் 'ஏனெனில்' என்று பெயர்த்ததும் அது வாதம்போல ஆகிவிடுகிறது. மூலப் பிரதியில் வாதமே நடக்கவில்லை! வாசகர் எதை எதிர்த்துக் கேட்பது?

பேச்சுத் தமிழில் இதற்குக் கச்சிதமான வழி உண்டு. 'நீதான் வந்துட்டியே, நீயே பேசிடு.' வந்துட்டியே என்பதில் உள்ள ஏகாரம் செய்வதைத்தான் சின்ஸ் செய்கிறது. (தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்தில் இதைத் தேற்றத்தில் அடக்கலாமோ என்னவோ.) எழுத்துத் தமிழ் ஏனோ இதற்குக் கூச்சப்படுகிறது. 'என்பதுதான் தெரிந்ததாயிற்றே' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஆஸ் ஏறக்குறைய சின்ஸின் தம்பி. 'போது' என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால் சில வாக்கியங்களில் காலமா காரணமா என்று திணற வைக்கும்.

ஃபார் வேறு ஜாதி. அது வாக்கியத்தின் முன்பாதிக்கு வராது. கூற்றைச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு நியாயம் தேடும். 'உள்ளே ஆள் இருக்காங்க, விளக்கு எரியுதே.' விளக்கு எரிவதால் ஆள் வந்துவிடவில்லை; நான் அப்படிச் சொன்னதற்கு விளக்கு சாட்சி, அவ்வளவுதான். பிகாஸும் இந்த வேலையைச் செய்வதுண்டு. நிகழ்வு, அனுமானம், பேச்சுச் செயல் என்று மூன்று தளங்களில் அது இயங்குவதை ஈவ் ஸ்வீட்சர் 1990இல் வந்த தம் நூலில் பிரித்துக் காட்டினார்.

ஃபார் வந்த இடத்திலெல்லாம் 'ஏனெனில்' போட்டே தீரவேண்டும் என்பதுமில்லை. 1611இன் ஆங்கில பைபிளில் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்துப் பேறுகள் ஒவ்வொன்றிலும் ஃபார் உண்டு. பரவலாக வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த இடங்களில் இணைப்புச் சொல்லே போடவில்லை. பாக்கியவான்கள் என்று நிறுத்தி, பக்கத்திலேயே அடுத்த வாக்கியத்தை வைத்துவிட்டது. காரணம் எங்கே என்று கேட்ட யாரையும் நான் பார்த்ததில்லை.